செவுள் வெளுத்த குழந்தைக்கு முதல் பரிசு

புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைகளே, உங்கள் முன்னால் பேச வருகிற ஓய்வுபெற்றவர்கள் எல்லாரும் தாங்கள் காப்பாற்றிய உயிர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். அதையெல்லாம் கேட்டால் இந்தச் சென்னையில் முப்பது வருஷமாக ஒரு தப்பும் நடக்கவில்லை என்றே தோன்றும். நான் அப்படிப் பேசப் போவதில்லை. முப்பத்து நாலு வருஷம் சுகாதாரச் செவிலியராக மயிலாப்பூர் சந்துகளிலும் கடலோரக் குப்பங்களிலும் மாடிப்படி ஏறி இறங்கியதில் எனக்கு மிஞ்சியது இரண்டு. ஒன்று முழங்கால் வலி. அதைக் கொட்டிவாக்கத்தில் என் மருமகள் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பாவம். மற்றது நான் ஒரு குழந்தைக்குக் கோப்பை கொடுத்த கதை. அதை நீங்கள் கேளுங்கள்.

எடை எப்படிப் பார்ப்பது, அட்டை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். இது அட்டையில் எழுத இடமில்லாத விஷயம்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு குழந்தைகள் தினத்துக்கு, தி.நகர் வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் கொழுகொழு குழந்தைப் போட்டி வைத்தார்கள். நடுவர் நான். எனக்கு ஒரு பட்டுப்புடவையும், மேடையில் ஒரு நாற்காலியும், கையில் ஒரு மதிப்பெண் தாளும் கொடுத்தார்கள். தாளில் நாலு கட்டம் இருந்தது. எடை, தடுப்பூசி, சுத்தம், சமத்து. அந்த நாலாவது கட்டத்தை யார் போட்டார்கள் என்று பிறகு விசாரித்தேன். நான்தான் போடச் சொன்னேனாம்.

போட்டியில் இரண்டு குழந்தைகளைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். ஒருவன் பாபு. நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிற அஞ்சலையின் மகன். வயது ஒன்று, எடை சுமார்தான், நிறம் நல்ல கருப்பு. மேடையில் ஏற்றிவிட்ட அரை நிமிஷத்தில் என் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தான், மைக்கைத் தள்ளினான், பக்கத்துக் குழந்தையின் தொப்பியைப் பிடுங்கினான். கடைசியில் தன்னுடைய மதிப்பெண் தாளையே வாயில் போட்டுக்கொண்டான். மிச்சமிருந்த துண்டில் சமத்துக்கு நான் பூஜ்யம் எழுதினேன்.

இன்னொருவன் கதிர். மயிலாப்பூரில் குடியிருக்கிற, தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற தங்கராசு அண்ணாச்சியின் மகன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பதிமூன்று மாசத்தில் பன்னிரண்டு கிலோ. வெள்ளைவெளேர் என்று இருந்தான். உட்கார வைத்தால் உட்கார்ந்தான். திருப்பி வைத்தால் திருப்பிய பக்கம் பார்த்தான். பலூன் வெடித்து மண்டபமே அலறியபோது அவன் மட்டும் கொட்டாவி விட்டான்.

"பிள்ள சத்தமே காட்ட மாட்டான் சிஸ்டர். ஊசி போட்டாக்கூட அழ மாட்டான்லா," என்றார் அண்ணாச்சி.

"பெரிய மனுஷன் தோரணை அண்ணாச்சி," என்றேன் நான். சமத்துக்குப் பத்துக்குப் பத்து. தங்க நிறத்தில், கதிர் உயரத்துக்கு ஒரு கோப்பை கொடுத்தோம். அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதையும் நான் மைக்கில் பாராட்டினேன், "பரிசுக்கு ஆசைப்படாத குழந்தை!" என்று. கைதட்டல். அவன் அம்மா சுகந்தி மட்டும் கைதட்டவில்லை. கையில் குழந்தை இருக்கிறான், எப்படித் தட்டுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

படியிறங்கும்போது அஞ்சலை என்னை மடக்கினாள்.

"நர்ஸம்மா, ஒனக்கு மீனு வாங்கத் தெரியுமா?"

"ஏன், உங்கிட்டதானே வாங்கறேன்."

"அதான் கேக்கறேன். செவுளத் தூக்கிப் பாத்துதான வாங்கறே? ரத்தமா இருந்தா எடுக்கறே, வெளுத்திருந்தா இன்னாடி அஞ்சல ஐஸ் மீன தலைல கட்டுறியேன்னு சண்டைக்கு வர்ற. அந்தக் கொயந்தையோட உள்கண்ணு பாத்தியா? வெள்ளக் காகிதமா கீது. செவுளு வெளுத்ததுக்கு பர்ஸ்ட் ப்ரைஸ் குடுத்துட்டியே!"

எனக்கு வந்ததே கோபம். தன் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்கிற எரிச்சல் என்று முடிவு கட்டினேன். "மீனையும் குழந்தையையும் ஒண்ணாப் பேசாதே," என்று நடுவர் குரலில் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினேன். இரண்டு வாரம் அவளிடம் மீன் வாங்கவில்லை. அவளுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. எங்கள் வீட்டில்தான் கத்தரிக்காய் தின்று அலுத்தோம்.

ஜனவரியில் வந்தது வினை. அண்ணாச்சி தன் கடைக் காலண்டரில் கதிரின் படத்தைப் போட்டுவிட்டார். பக்கத்தில் கோப்பை, தலைக்கு மேலே கடையின் பெயர் சிவப்பில், கீழே "முதல் பரிசு பெற்ற எங்கள் இளவரசர்." மயிலாப்பூர் லஸ்ஸில் காபிக்கடை, மெடிக்கல் ஷாப், தையற்காரர், எங்கே திரும்பினாலும் கதிர். எங்கள் சுகாதார நிலையத்தில் என் மேஜைக்குப் பின்னாலேயே ஒன்றை நான் ஆணியடித்து மாட்டினேன். நான் தேர்ந்தெடுத்த குழந்தை இல்லையா!

அந்த மாசம்தான் எங்களுக்குப் புது டாக்டர் வந்தார். என் மகள் வயசு. வந்த முதல் நாளே காலண்டர் முன்னால் நின்றுவிட்டார்.

"சிஸ்டர், இந்தக் குழந்தையோட உதடு ஏன் இவ்ளோ வெளுப்பா இருக்கு?"

"அது பிரிண்டிங் சரியில்ல டாக்டர். கலர் மங்கிடுச்சு."

"கடை பேரு மட்டும் நல்லா செவப்பா விழுந்திருக்கே?"

நான் அச்சகத்தின் மேல் பழி போடுவதை நிறுத்தினேன். அவர் மெதுவாக அடுத்ததைக் கேட்டார். "இவன் சிரிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

யோசித்தேன். ஒன்பதாம் மாச ஊசியிலிருந்து எனக்குக் கதிரைத் தெரியும். தூங்கிப் பார்த்திருக்கிறேன், விழித்திருந்து பார்த்திருக்கிறேன். சிரித்துப் பார்த்த ஞாபகம் வரவே இல்லை. அஞ்சலையின் குரல்தான் காதில் கேட்டது.

தங்கைகளே, அன்று அந்தச் சின்ன டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். மூளையில் டோபமின் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. அது என்ன, எனக்கு வேணும், அம்மா எங்கே போனாள் என்று குழந்தையைத் துருதுருவென்று வைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அதைச் செய்ய மூளைக்கு இரும்புச்சத்து வேண்டும். நரம்புகளின் மேல் உறை வளரவும் இரும்பு வேண்டும். முதல் இரண்டு வருஷம் இந்த வேலையெல்லாம் மும்முரமாக நடக்கிற காலம்.

"உடம்புல இரும்பு குறைஞ்சா, இருக்கறத ரத்தம் முதல்ல எடுத்துக்கும் சிஸ்டர். மூளைக்கு அப்புறம்தான்."

"ரேஷன் கடை வரிசை மாதிரியா?"

"அதேதான். முன்னாடி நிக்கற ரத்தமே காலிப் பையோட நிக்குதுன்னா, பின்னாடி நிக்கற மூளைக்கு எத்தனை நாளா ஒண்ணும் கிடைக்கலன்னு பாருங்க. மருந்து குடுத்தா ரத்தம் ஏறிடும். ஆனா மூளை வளர்ற நாள் போனா, போனதுல கொஞ்சம் திரும்பாமலே இருக்கலாம். ஒவ்வொரு மாசமும் முக்கியம்."

நான் கதிரின் வயதை விரல் விட்டு எண்ணினேன். பதினைந்து மாசம். அதில் இரண்டு மாசம் நான் கோப்பை கொடுத்த பிறகு போனது.

பெற்றோரிடம் தானே பேசுவதாக டாக்டர் சொன்னார். "வேண்டாம் டாக்டர், அண்ணாச்சி என் ஆள், நான் பக்குவமா சொல்லிக்கறேன்," என்றேன். பக்குவம் என்று யாராவது சொன்னால் ஜாக்கிரதையாக இருங்கள். பெரும்பாலும் பயத்துக்கு நாம் வைக்கிற மரியாதையான பெயர் அது.

அண்ணாச்சி வீட்டில் எனக்கு ராஜ வரவேற்பு. கோப்பை ஷோகேஸில் இருந்தது. கதிர் கூடத்தில், வைத்த இடத்தில் இருந்தான்.

"என்ன சாப்பிடறான்?"

"சாப்பாட்டுக்கு வாயே திறக்க மாட்டான் சிஸ்டர். ஆனா பாலு! ஒரு நாளைக்கு ஒண்ணேகால் லிட்டரு, சுத்தமான எருமைப்பாலு," என்றார் அண்ணாச்சி பெருமையாக. சுகந்தி மெல்லச் சொன்னாள், "சுவத்த நக்குதான்க்கா." அவர் சிரித்தார். "சுண்ணாம்புச் சத்துதானன்னு விட்டுட்டோம்."

சுவரை நக்குவது இரும்புக் குறைவின் அடையாளம். பாலிலோ இரும்பு இல்லை என்றே சொல்லலாம். வயிற்றை அது அடைத்துக்கொள்கிறது, தப்பித் தவறி உள்ளே போகிற சாப்பாட்டிலிருந்தும் இரும்பை உடம்பு எடுக்க விடுவதில்லை. கொழுகொழுவென்று இருந்தவன் உள்ளே பட்டினி கிடந்திருக்கிறான். இதை நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஷோகேஸில் கோப்பை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சொன்னது இது: "அண்ணாச்சி, பரிசு வாங்கின குழந்தைக்கு மட்டும் எங்க நிலையத்துல ஒரு ஸ்பெஷல் பரிசோதனை உண்டு."

அவர் நெகிழ்ந்துபோனார். ரத்தம் எடுத்தோம். அப்போதும் கதிர் அழவில்லை. ஹீமோகுளோபின் ஏழு. பதினொன்றாவது இருக்க வேண்டும். டாக்டர் என்னிடம் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பாலைக் குறைக்கச் சொன்னார், கீரை, பருப்பு, முட்டை, மீன் சொன்னார். நான் மருந்தை எடுத்துக்கொண்டு போய், "இது சாம்பியன் டானிக், தவறாம குடுங்க," என்று ஒப்படைத்துவிட்டு வந்தேன். மானம் போகாமல் குழந்தையும் பிழைத்தது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் அண்ணாச்சியிடமிருந்து ஒரு படம் வந்தது. கண்ணாடி போடாமல் திறந்து, ஏதோ கடவுள் சிலை என்று கும்பிடுகிற ஸ்மைலி போட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது கதிரின் டயபர். கன்னங்கரேல் என்று இருந்தது. இரும்பு மருந்து சாப்பிட்டால் அப்படித்தான் போகும். அதைக்கூட நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. டானிக் என்று சொல்லிவிட்டு எதைச் சொல்வது?

விளக்கம் சொல்லப் போன் செய்தேன். அவர் பேசவே விடவில்லை.

"சரியாக் கும்பிட்டீய சிஸ்டர்! நானும் அததான் நெனச்சேன். இது கண்ணேறு. ஊரே காலண்டர்ல பிள்ளையப் பாத்து வச்ச திருஷ்டி, கருப்பாக் கழியுது!"

இங்கேதான் என் நாக்கு எனக்குத் துரோகம் செய்தது. அவரே சந்தோஷமாக ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார், மருந்தும் தொடர்கிறது, நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று, "அப்படியும் இருக்கலாம் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் மருந்து ஒழுங்காகப் போனது. பிறகு பூசணிக்காய் உடைத்து, தெருவெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து, நிறுத்திவிட்டார்கள். திருஷ்டி மொத்தமும் இறங்கிவிட்டதாம். பொங்கல் எனக்கும் வந்தது. சாப்பிட்ட பிறகுதான் எதற்கு என்று கேட்டேன்.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு, "உங்க பொய் ரெண்டு வாரம் வேலை செஞ்சிருக்கு சிஸ்டர். மருந்து மூணு மாசத்துக்கு மேல போகணும்," என்றார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

உண்மையைச் சொல்வதற்கு வீட்டுக்குப் போகத் தைரியமில்லை. கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் முன்னால் கத்த மாட்டார் என்று ஒரு யோசனை. வெள்ளிக்கிழமை பூஜைக்குச் சுகந்தி குழந்தையோடு அங்கே வருவாள் என்பதும் தெரியும். அண்ணாச்சி ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்துக்குப் புடவை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பின்னால் சுவரில் காலண்டர்.

"அண்ணாச்சி, அந்தப் பரிசு தப்பு," என்றேன். குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. புடவை பார்த்த பெண்கள் எல்லாம் திரும்பினார்கள். "நான்தான் தப்பா குடுத்தேன். கதிருக்கு ரத்தசோகை. வெள்ளையா இல்ல, வெளுத்திருக்கான். சமத்தா இல்ல, சோர்ந்திருக்கான். நான் குடுத்தது டானிக் இல்ல, இரும்பு மருந்து. கருப்பாப் போனது திருஷ்டி இல்ல, அந்த மருந்து. தெரிஞ்சும் நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். மருந்த நிறுத்தினா அவன் மூளை வளர்ச்சி பாதிக்கும்."

அண்ணாச்சி கத்தவில்லை. கையிலிருந்த புடவையை மடித்தார். மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார்.

"ரெண்டாயிரம் காலண்டர் அடிச்சிருக்கேன் சிஸ்டர்," என்றார். "ரெண்டாயிரம் வீட்ல எம் பிள்ளைய நோயாளியாவா மாட்டி வச்சிருக்கேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதுதான் சுகந்தி பேசினாள். அதுவரை அவள் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை.

"எனக்கு அப்பவே பயமாத்தான்க்கா இருந்துச்சு. எல்லாரும் நல்ல பிள்ள, நல்ல பிள்ளங்காக. நான் அவன விட்டுட்டு எந்திரிச்சுப் போனா ஏன்னு பாக்க மாட்டான். திரும்பி வந்தாலும் பாக்க மாட்டான். நான் இருந்தா என்ன, இல்லாட்டா என்னன்னு இருப்பான். நல்ல பிள்ளையப் பாத்து பயமா இருக்குன்னு எந்த அம்மா வெளிய சொல்லுவா? நீங்களும் கப்பு குடுத்துட்டீய."

அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"அந்த மருந்து குடுத்தோம்லா, பத்தாம் நாளு துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். அழுதான்க்கா. என்னத் தேடி அழுதான். ஓடி வந்திருக்கணும். நான் படியிலயே நின்னு கொஞ்ச நேரம் கேட்டேன். தப்புதான். ஆனா கேட்டுட்டே நின்னேன்." அவள் கண் நிறைந்துவிட்டது. "நிறுத்தினப்புறம் திரும்பச் சத்தம் இல்ல. இனிமே மருந்து என் கையில. அவுக என்ன சொன்னாலும் சரி."

அண்ணாச்சி எழுந்து போய்க் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினார். புடவை பார்க்க வந்த ஒரு அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "எங்க வீட்ல மாட்டினதையும் கழட்டிடறேன்," என்றார். நானும் அழுதேன் என்பதை மறைக்கவில்லை.

எல்லாக் குழந்தைக்கும் மருந்தின் பலன் இவ்வளவு சீக்கிரம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். கதிருக்கு முழுதும் சரியாகிவிட்டது என்று டாக்டர் ஒருபோதும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருக்கணும் என்றுதான் சொன்னார். ஆனால் ஏப்ரலில் அண்ணாச்சியிடமிருந்து எனக்குப் புகார் வர ஆரம்பித்தது. பிள்ளை பீரோவில் ஏறுகிறான். பிள்ளை ரிமோட்டைச் சாம்பாரில் போட்டான். பிள்ளையைக் கடைக்குக் கூட்டிவந்தால் பட்டுப்புடவை அடுக்கை இழுத்து அதன் மேலே படுத்துக்கொள்கிறான். "சிஸ்டர், கொஞ்சம் சாந்தமா இருக்கதுக்கு ஏதாவது டானிக் உண்டா?" "அந்த டானிக்கை நான் விட்டுட்டேன் அண்ணாச்சி," என்றேன்.

ஜூனில் பூஸ்டர் ஊசிக்குச் சுகந்தி கதிரைக் கூட்டிவந்தாள். அஞ்சலையும் பாபுவோடு வரிசையில் இருந்தாள். நாங்கள் சமாதானமாகி நாளாகியிருந்தது. நான் ஊசியை எடுத்ததுமே கதிர் புரிந்துகொண்டு என் கன்னத்தில் ஒன்று வைத்தான். கண்ணாடி பறந்தது. ஊசி போட்டபோது அவன் கத்திய கத்தலில் கபாலி கோயில் குளத்துப் புறாக்கள் எழும்பியிருக்கும். அவன் அழுததைப் பார்த்துப் பாபுவும் அழ, வரிசையே அழுதது. நடுவில் சுகந்தி மட்டும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சலை எழுந்து வந்து, அலறுகிறவனின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தாள். கதிர் அவள் விரலைக் கடித்தான். அவள் விரலை உதறிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "செவுளு நல்லா ரத்தமா கீது நர்ஸம்மா. இப்பக் குடு ப்ரைஸு."

"கப்பு எங்கக்கா இருக்கு?" என்றாள் சுகந்தி. அன்று மேடையில் அதை வாங்கியபோது இல்லாத பெருமை இப்போது முகத்தில் இருந்தது. "முந்தாநாளே போட்டு ஒடச்சுட்டான்லா!"